வேலைக்குப் போகிறவர் எந்தக் கேண்டிலைப் பார்ப்பது: ஐந்து நிமிடமா, நாளா, வாரமா?

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது, போனஸையும் சேமிப்பையும் சேர்த்து ஒரு லட்சம் தனியாக வைத்திருப்பதாகவும், அதை வைத்துப் பங்குச் சந்தையில் ட்ரேடிங் பழகப் போவதாகவும் சொன்னான். பங்கு விலையை மெழுகுவர்த்தி போல வரைந்து காட்டும் கேண்டில் சார்ட்டின் பேட்டர்ன் எல்லாம் ஏற்கெனவே படித்துவிட்டான். ஹேமர், டோஜி, என்கல்ஃபிங், மார்னிங் ஸ்டார் என்று எந்தப் படத்தைக் காட்டினாலும் பெயர் சொல்கிறான். அவனுக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான்: "எந்த டைம் ஃப்ரேம்ங்க மாமா பாக்கறது?"

பேட்டர்ன் பெயர்களைவிட இந்தக் கேள்வி முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒரே பங்கை ஒரே நாளில் ஐந்து நிமிடச் சார்ட்டில் பார்த்தால் விற்கச் சொல்லும், நாள் சார்ட்டில் பார்த்தால் பேசாமல் இருக்கச் சொல்லும், வாரச் சார்ட்டில் பார்த்தால் வாங்கச் சொல்லும். எதைக் கேட்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர், அந்த நேரத்தில் மனசுக்குப் பிடித்ததைக் கேட்பார். அன்று அவனிடம் சொன்னதையும், விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஐந்து நிமிடமோ நாளோ வாரமோ, அந்த நேரத்துக்கு ஒரு கேண்டில். அதில் இருப்பது நான்கு விலைகள்தான்: தொடங்கிய விலை, தொட்ட உச்சம், தொட்ட தாழ்வு, முடிந்த விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் உடல், அதற்கு மேலும் கீழும் வால். விலை ஏறி முடிந்தால் உடல் பச்சை, இறங்கி முடிந்தால் சிவப்பு. பழைய பார் சார்ட்டிலும் இதே நான்கும் உண்டு. கேண்டிலில் கண்ணுக்குச் சட்டென்று படுகிறது, அவ்வளவுதான். ஜப்பானின் சகாதா ஊரைச் சேர்ந்த ஹோம்மா முனேஹிசா என்ற 18-ஆம் நூற்றாண்டு அரிசி வியாபாரியின் பெயரோடு இந்த முறையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். பெயர்களில் இன்னும் ஜப்பான் வாசனை இருக்கிறது. மருபோஸு என்றால் மொட்டைத் தலை. மேலும் கீழும் வால் இல்லாத கேண்டில். ஹராமி என்றால் கர்ப்பிணி. பெரிய உடலின் வயிற்றுக்குள் அடுத்த நாளின் சின்ன உடல் அடங்கி இருப்பது. இப்படிப் பொருள் தெரிந்து படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

முதலில் ஐந்து நிமிடக் கேண்டில். புதிதாக வருகிற எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். நம் சந்தை காலை 9:15-க்குத் திறந்து மாலை 3:30-க்கு மூடுகிறது. மொத்தம் 375 நிமிடம், அதாவது ஒரு பங்குக்கு ஒரு நாளில் 75 கேண்டில். நான்கு பங்குகளைப் பார்த்தால் 300. இத்தனை கேண்டிலுக்கு நடுவே ஹேமரும் டோஜியும் (தொடக்கமும் முடிவும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருக்கும் கேண்டில்) மணிக்கு நாலைந்து முறை தென்படும். தேடிப் போக வேண்டியதில்லை. அதுதான் சிக்கலே.

எனக்கு மறக்காத ஒரு காலை உண்டு. ஒரு வங்கிப் பங்கு, நேரம் 9:23. 9:20-க்குத் தொடங்கிய கேண்டில் விறுவிறுவென்று கீழே போய், அதே வேகத்தில் திரும்பி ஏறிவிட்டது. திரையில் அழகான ஹேமர்: மேலே சின்ன உடல், கீழே உடலைப் போல மூன்று மடங்கு நீளமான வால். வாங்கிவிட்டேன். 9:24-க்கு உடல் கீழே இறங்கத் தொடங்கியது. 9:25-க்குக் கேண்டில் முடிந்தபோது அங்கே ஹேமரே இல்லை. வால் கிட்டத்தட்ட மறைந்து, முழுச் சிவப்பு உடல் ஒன்று நின்றது. நான் பார்த்தது பேட்டர்ன் அல்ல, பாதி வெந்த கேண்டில். நேரம் முடியாத கேண்டிலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. ஆனால் ஐந்து நிமிடச் சார்ட்டின் முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கடைசி இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சாதாரணமான காரியம் இல்லை.

அப்புறம் செலவு. ஒரு லட்சத்துக்கு இன்ட்ராடேயில், அதாவது ஒரே நாளுக்குள், வாங்கி விற்றால், ஆர்டருக்கு 20 ரூபாய் ப்ரோக்கரேஜ், அதன் மேல் ஜிஎஸ்டி, விற்கும்போது 0.025 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), முத்திரைத் தீர்வை, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்ந்து 80 ரூபாய் அளவுக்கு வரும். பார்த்தால் சின்னத் தொகை. ஒரு நாளைக்கு ஐந்து ட்ரேட், மாதம் இருபது நாள் என்று வைத்தால் 8,000 ரூபாய். ஒரு லட்சம் முதலீட்டில் மாதம் 8 சதவீதம் சம்பாதித்தால்தான் போட்ட பணம் அப்படியே இருக்கும். மாதா மாதம் 8 சதவீதம் எடுப்பவரை நான் நேரில் பார்த்ததில்லை.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்ணில் காட்டியது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 ட்ரேடுக்கு மேல் செய்தவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 80 பேர். நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத் தொகையில் 57 சதவீதத்துக்குச் சமமான பணத்தைக் கூடுதலாகக் கட்டணங்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். ட்ரேட் கூடக் கூட நஷ்டப்படுகிறவர்களும் கூடுகிறார்கள். ஐந்து நிமிடச் சார்ட் நம்மைத் தள்ளுவதோ அதிக ட்ரேடை நோக்கி. எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) பக்கம் நிலைமை இன்னும் மோசம்: 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் 93 சதவீதம் தனிநபர்களுக்கு நஷ்டம் என்று அதே ஆண்டு செப்டம்பரில் செபி சொன்னது. ஒரு லட்சத்தோடு வருகிறவரை அந்தப் பக்கமே திரும்பாதே என்றுதான் சொல்வேன்.

ஐந்து நிமிடக் கேண்டிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இரவில் கையில் எதுவும் இருக்காது. மறுநாள் காலை கம்பெனியின் காலாண்டு ரிசல்ட்டோ போரோ என்ன வந்தாலும் நமக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த நிம்மதிக்கு விலையாக, பகல் முழுவதும் திரையின் முன்னால் இருக்க வேண்டும். பம்ப் கம்பெனி ஷாப் ஃப்ளோரில் நிற்பவனுக்கு அது முடியாது. பாத்ரூமில் போய் போனைப் பார்த்து ட்ரேட் செய்வது ட்ரேடிங் இல்லை. பதினைந்து நிமிடக் கேண்டிலுக்கும் இதே பதில்தான். நாளைக்கு 25 கேண்டில் என்பதால் இரைச்சல் கொஞ்சம் குறையும், இருக்க வேண்டிய நேரம் குறையாது. வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இன்ட்ராடே லாபத்தை ஊக வணிக வருமானமாகக் கணக்கில் காட்ட வேண்டும். சம்பளக்காரர் வழக்கமாகத் தாக்கல் செய்யும் எளிய படிவம் அதற்குப் போதாது.

அடுத்தது நாள் கேண்டில். இது ஒரு நாளைக்கு ஒன்றுதான், ஆண்டுக்கு ஏறக்குறைய 250. அந்த ஒரு கேண்டிலுக்குள் காலையில் பதறி விற்றவர், மதியம் நிதானமாக வாங்கிய ஃபண்டு, கடைசி அரை மணியில் கணக்கை முடித்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஐந்து நிமிட ஹேமருக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய ஆர்டர் மட்டும் இருக்கலாம். நாள் ஹேமருக்குப் பின்னால் ஒரு முழு நாளின் வியாபாரம் இருக்கிறது. வால்யூமும் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) வழக்கத்தைவிட அதிகமாக இருந்து, விலை முன்பு இரண்டு மூன்று முறை நின்று திரும்பிய சப்போர்ட்டில் அந்த ஹேமர் வந்தால், அப்போதுதான் நான் கவனிப்பேன். வெறும் உருவத்தை மட்டும் நம்புவதில்லை. மார்ஷல், யங், ரோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குகளின் 1992 முதல் 2002 வரையான நாள் கேண்டில்களை வைத்துச் சோதித்து, பேட்டர்னை மட்டும் நம்பி வாங்கி விற்றதில் பலன் இல்லை என்று 2006-ல் எழுதினார்கள். கேண்டிலை விரும்பிப் பார்க்கும் எனக்கு இது கசப்பான முடிவுதான், ஆனாலும் மறைக்கக் கூடாது.

அப்படியானால் எதற்குப் பார்ப்பது? என் பதில்: எங்கே நம் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொள்வது என்பதைக் கேண்டில் காட்டிக்கொடுக்கிறது. நாளைக்கு ஏறுமா என்று ஹேமருக்குத் தெரியாது. ஆனால் அதன் வாலின் நுனிக்குக் கீழே விலை போனால், "கீழே வாங்க ஆள் இருக்கிறது" என்று நாம் நினைத்தது தவறு என்று நிச்சயமாகத் தெரியும். ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டம் வளராமல் விற்று வெளியேறும் விலை, அங்கேதான். எத்தனை பங்கு வாங்குவது என்பதும் அதிலிருந்தே வரும். ஒரு பங்கின் நாள் ஹேமர் உச்சம் 402, தாழ்வு 388 என்று வையுங்கள். 403-ல் வாங்கி 387-ல் ஸ்டாப் லாஸ் என்றால் ஒரு பங்குக்கு 16 ரூபாய் ஆபத்து. ஒரு லட்சத்தில் ஒரு ட்ரேடுக்கு 1,000 ரூபாய் வரை இழக்கலாம் என்று வரம்பு வைத்தால், 62 பங்கு. அதற்கு மேல் ஒன்றுகூட வாங்கக் கூடாது. ஏறக்குறைய 25,000 ரூபாய் முதலீடு. மிச்சப் பணம் சும்மா இருக்கட்டும்.

செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் பங்கைக் கையில் வைத்திருக்கும் முறையில், எஸ்டிடி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், அதனால் ஒரு லட்சம் ரூபாய் வாங்கி விற்க மொத்தம் 250, 300 ரூபாய் ஆகும். இன்ட்ராடேயைப் போல மூன்று மடங்கு. ஆனால் நாள் கேண்டிலைப் பார்த்து நடப்பவருக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு ட்ரேடுக்கு மேல் தகுதியானது கிடைக்காது. மேலே சொன்னது போல 25,000 ரூபாய் அளவில் என்றால், ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவு, இன்ட்ராடேக்காரரின் ஒரு மாதச் செலவைத் தாண்டாது. லாபம் வந்தால் ஓராண்டுக்குள் விற்றதற்கு 20 சதவீதம் வரி உண்டு.

இதன் பெரிய குறை, இரவு. மாலை 3:30-க்குப் பிறகு வரும் செய்திக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. 387-ல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தாலும் காலையில் பங்கு 370-ல் திறந்தால் 370 அளவில்தான் விற்க முடியும். ரிசல்ட் வரும் நாளுக்கு முன் அந்தப் பங்கில் இருக்காமல் பார்த்துக்கொள்வது இதற்குப் பாதி மருந்து. குறைந்த பங்குகள் வாங்குவது மீதிப் பாதி.

வாரக் கேண்டிலைப் பற்றிப் பேச ஒரு உண்மையான வாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூன் முதல் வாரம். சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தலின் எக்ஸிட் போல்கள் வந்தன. திங்கள், ஜூன் 3 அன்று, 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 800 புள்ளி மேலே, சுமார் 23,338-ல் திறந்து 23,264-ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 23,180-ல் திறந்து, 21,281 வரை விழுந்து, 21,885-ல் முடிந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம். அன்று மாலை நாள் சார்ட்டைப் பார்த்தவருக்கு, அதற்கு முந்தைய பல மாதக் கேண்டில்கள் எல்லாம் குட்டியாகத் தெரியும்படி ஒரு சிவப்புத் தூண் நின்றது. அதைப் பார்த்து மறுநாள் காலை விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

புதன்கிழமை நிஃப்டி ஏறி 22,620-ல் முடிந்தது. அன்றைய பச்சை உடல் முந்தைய நாளின் சிவப்பு உடலுக்குள் முழுவதும் அடங்கியது, அதாவது ஹராமி. வெள்ளிக்கிழமை 23,290. இப்போது அதே ஐந்து நாளை ஒரே வாரக் கேண்டிலாகப் பாருங்கள். தொடக்கம் 23,338, முடிவு 23,290. உடல் 48 புள்ளி, கீழே வால் 2,000 புள்ளி. நாள் சார்ட்டில் இடி விழுந்தது போல இருந்த வாரம், வாரச் சார்ட்டில் "கீழே போனோம், திரும்பி வந்துவிட்டோம்" என்கிறது.

ஆனால் வாரக் கேண்டிலும் தெய்வவாக்கு இல்லை. நீண்ட கீழ்வால், உச்சியில் சின்ன உடல் என்ற இந்த உருவம் இறக்கத்தின் முடிவில் வந்தால் ஹேமர். ஏற்றத்தின் உச்சியில் வந்தால் அதற்கே ஹேங்கிங் மேன் என்று பெயர், பொருளும் நேர் எதிர். நிஃப்டி அப்போது புது உச்சத்தில் இருந்தது. ஆகவே பாடப்படி அது எச்சரிக்கை. ஆனால் அந்த எச்சரிக்கை உறுதியாக வேண்டுமென்றால் அடுத்த கேண்டில் அதன் உடலுக்குக் கீழே முடிய வேண்டும். அடுத்த வாரம் 23,465-ல் முடிந்தது. செப்டம்பர் 27-ஆம் தேதி நிஃப்டி 26,277-ஐத் தொட்டது. பெயரை மட்டும் படித்து விற்றவர் கிட்டத்தட்ட 3,000 புள்ளி ஏற்றத்தை வெளியே நின்று பார்த்திருப்பார்.

வாரக் கேண்டிலின் வசதி, சனிக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். பதற்றம் இல்லை. ஆனால் ஸ்டாப் லாஸ் தூரமாகப் போகும். நாள் ஹேமரில் 16 ரூபாய் இருந்த ஆபத்து வார ஹேமரில் 40 ரூபாய் ஆனால், அதே 1,000 ரூபாய் வரம்புக்கு 25 பங்குதான் வாங்க முடியும். ஆண்டுக்கு 52 கேண்டிலில் கற்றுக்கொள்வதும் மெதுவாகத்தான் நடக்கும். பெரிய தொகையோடு மாதக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இது சரி. பழகுகிறவருக்கு இதை மட்டும் வைத்தால் கை பழகுவதற்குள் ஆர்வம் போய்விடும்.

அதனால் அவனுக்கு நான் சொன்னது: முடிவு நாள் கேண்டிலில், திசை வாரக் கேண்டிலில். வாரச் சார்ட் இறக்கத்தில் இருக்கும் பங்கில் நாள் ஹேமர் எவ்வளவு அழகாக வந்தாலும் தொடாதே. ஐந்து நிமிடச் சார்ட்டை ஆப்பில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஹைகின் ஆஷி சார்ட்டையும் கேட்டான். அது சராசரி போட்டு வரைவது, திரையில் தெரிவது உண்மையான வாங்கும் விலை இல்லை. இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

இன்னொரு முடிவு பாக்கி இருந்தது. பேட்டர்ன் வந்த நாளிலேயே 3:25-க்கு வாங்குவதா, மறுநாள் அந்தக் கேண்டிலின் உச்சத்தைத் தாண்டிய பிறகு வாங்குவதா? முதல் வழியில் விலை மலிவு. ஜூன் 5-ஆம் தேதி மூடும் நேரத்தில் நிஃப்டி இடிஎஃப் (நிஃப்டியை அப்படியே பின்தொடரும், பங்கு போல வாங்கக்கூடிய ஃபண்டு) வாங்கியவருக்கு 22,620 கணக்கு. மறுநாள் உறுதிக்காகக் காத்திருந்தவருக்கு, சந்தை திறந்ததே சுமார் 22,800-ல். 180 புள்ளி கைவிட்டுப் போனது. இப்படி நல்ல ட்ரேடுகளிலெல்லாம் காத்திருப்பவர் கொஞ்சம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் நான் காத்திருக்கும் வழியைத்தான் சொல்வேன். ஒரு காரணம், 3:25-க்குக் கேண்டில் இன்னும் முடியவில்லை. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் நெடுங்காலமாக முடிவு விலை என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அல்ல, கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் சராசரி. திரையில் 3:29-க்குப் பார்த்த உடல் மாலையில் கொஞ்சம் மாறியிருக்கலாம். இன்னொரு காரணம்தான் பெரியது: வேலை நேரத்தில் அவன் போனை எடுக்க வேண்டியதில்லை. இரவு சாப்பிட்டுவிட்டு, முடிந்த கேண்டிலை நிதானமாகப் பார்த்து, உச்சத்துக்கு ஒரு ரூபாய் மேலே ஜிடிடி ஆர்டர் (சொன்ன விலை வந்தால் தானாகப் போகும் ஆர்டர்) போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். மறுநாள் விலை அங்கே வந்தால் வாங்கும், வராவிட்டால் இல்லை. வாங்கிவிட்டால் அன்று இரவே ஸ்டாப் லாஸுக்கு இன்னொரு ஜிடிடி.

அவன் கடைசியாக ஒன்று கேட்டான். இரவு ஷிப்ட் வாரங்களில் பகலில் வீட்டில்தான் இருப்பான், அப்போது மட்டும் இன்ட்ராடே பார்க்கலாமா என்று. தூக்கம் கெட்டுப்போய் 9:20 கேண்டிலைப் பார்க்கிற கண்ணை நம்பாதே, தூங்கு என்றேன். பணம் போடுவதற்கு முன்னால் முப்பது ட்ரேடை நோட்டில் மட்டும் எழுது என்றும் சொன்னேன்: தேதி, கேண்டிலின் நான்கு விலை, வாரச் சார்ட்டின் திசை, வாங்கியிருக்கக்கூடிய விலை, ஸ்டாப் லாஸ், அப்புறம் என்ன ஆனது. போன வாரம் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். பதினேழாவது ட்ரேடில் இருக்கிறான். அதில் ஒன்பது ஸ்டாப் லாஸில் முடிந்திருக்கின்றன. ஆறாவது ட்ரேடுக்குப் பக்கத்தில், "வாரம் இறக்கம், தெரிந்தே எழுதினேன்" என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறான்.